பட்ஜெட் நாளில் அரசுக்கு ஒரு பைசாவும் கிடைப்பதில்லை

பல ஆண்டுகளுக்கு முன்பு அரசுப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். மார்ச் மாதக் கடைசி வாரம். ஒன்பதாம் வகுப்பு அறைகளுக்கு நான்கு மின்விசிறிகள் வாங்குவதற்கான பட்டியலைச் சார்கருவூலத்தில், அதாவது அரசு அலுவலகங்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கும் அலுவலகத்தில் கொடுத்து, டோக்கனை வாங்கிக்கொண்டு மர பெஞ்சில் காத்திருந்தேன். அரசு அலுவலகங்களில் பில்லைப் பட்டியல் என்றுதான் சொல்வார்கள். மாலை நான்கு மணிக்கு அந்தப் பட்டியல் திரும்பி வந்தது. அதன் மேல் குத்தியிருந்த துண்டுச் சீட்டில், இந்தத் தலைப்பில் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று ஒரே வரி. ஒவ்வொரு வகைச் செலவுக்கும் அரசுக் கணக்கில் இருக்கும் தனிப் பெயரைத்தான் தலைப்பு என்பார்கள்.

“சார், அடுத்த தலைப்பில் பதினோராயிரம் மிச்சம் இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்டேன்.

கணக்கர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “அது வேறு வேலைக்கென்று சட்டமன்றம் கொடுத்த பணம், தம்பி.”

நான்கு விசிறிக்கும் சட்டமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கணக்குப் பிரிவிலேயே ஆண்டுகள் ஓடிய பிறகுதான் அவர் எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு அலுப்போடு சொன்னார் என்று புரிந்தது. அரசிடம் எத்தனை லட்சம் கோடி இருந்தாலும் அதை எடுத்துச் செலவழிக்கும் உரிமை அரசுக்குத் தானாக வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கேட்டலும் கொடுத்தலும் எப்படி நடக்கின்றன என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். மாறும் இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

பூட்டிய பெட்டி

பிப்ரவரி 1 அன்று காலை 11 மணிக்கு நிதியமைச்சர் சிவப்பு உறைக்குள் வைத்த டேப்லெட்டுடன் மக்களவைக்கு வருகிறார். ஒன்றரை மணி நேரம் பேசுகிறார். தொலைக்காட்சிகளில் எது விலை ஏறும், எது இறங்கும் என்று பட்டியல் ஓடுகிறது. மாலைக்குள் பாராட்டும் கண்டனமும் தீர்ந்து, பட்ஜெட் ‘வந்துவிட்டது’ என்று எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்த உரை முடியும்போது, அதில் சொன்ன எந்தச் செலவுக்கும் அனுமதி கிடைத்திருப்பதில்லை. பட்ஜெட் என்ற சொல்லே அரசியலமைப்புச் சட்டத்தில் இல்லை. 112-ஆவது பிரிவு அதை ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்கிறது. இவ்வளவு வரும் என்று நினைக்கிறோம், இவ்வளவு செலவாகும் என்று நினைக்கிறோம் என அவைக்குத் தெரிவிக்கும் மதிப்பீடு, அவ்வளவுதான். மாநிலத்துக்கு இதே வேலையை 202-ஆவது பிரிவு செய்கிறது.

உண்மையான பூட்டு 266-ஆவது பிரிவில் இருக்கிறது. அரசுக்கு வரும் வரி, கட்டணம், வாங்கும் கடன் எல்லாம் ஒரே பெட்டிக்குள் போகின்றன. அதன் பெயர் தொகுப்பு நிதி. திரள் நிதி என்றும் எழுதுவார்கள். ஒன்றிய அரசுக்கு ஒன்று, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்று. சட்டப்படி அனுமதி இல்லாமல் இந்தப் பெட்டியிலிருந்து எதையும் எடுக்க முடியாது என்கிறது அந்தப் பிரிவு. பிரதமர் உத்தரவு போட்டாலும் அமைச்சரவை ஒருமனதாக முடிவெடுத்தாலும் போதாது. அவை நிறைவேற்றிய சட்டம் வேண்டும்.

வருங்கால வைப்பு நிதி, வைப்புத்தொகைகள் போன்ற, அரசு தன்னிடம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் பொதுக் கணக்கு என்ற வேறொரு பெட்டியில் இருக்கும். அது அரசின் பணமே அல்ல என்பதால் அதற்கு அவையின் வாக்கு தேவையில்லை. மூன்றாவதாகச் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதைப் பிறகு திறப்போம்.

மானியம் கேட்கும் அரசு

செய்தித்தாளில் ‘காவல் துறை மானியக் கோரிக்கை மீது இன்று விவாதம்’ என்று பார்த்திருப்பீர்கள். புதிதாகப் படிப்பவர்களை இந்தச் சொல் குழப்பிவிடும். மானியம் என்றால் நமக்கு உர மானியம், எரிவாயு மானியம். காவல் துறைக்கு எதற்கு மானியம் என்று என் அண்ணன் மகள் ஒருமுறை கேட்டாள். நியாயமான கேள்வி.

இங்கே மானியம் என்றால் ‘அவை இசைந்து வழங்கும் தொகை’ என்று பொருள். நம் ஊர்ப் பழைய வழக்கில் அரசன் கோயிலுக்கும் ஊழியம் செய்தவர்களுக்கும் நிலத்தை மானியமாகக் கொடுத்தான். கொடுப்பவன் அரசன், கை நீட்டுபவர்கள் குடிகள். சட்டமன்றத்தில் அந்தத் திசை தலைகீழாகிறது. அமைச்சர் எழுந்து நின்று கோருகிறார். குடிகளின் சார்பாக உட்கார்ந்திருப்பவர்கள் கொடுக்கிறார்கள். இந்தச் சொல்லை யார் தேர்ந்தெடுத்தார்களோ தெரியாது, எனக்கு மிகவும் பிடித்த சொல்.

ஒவ்வொரு துறையின் கோரிக்கைக்கும் ஓர் எண் உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிக்கல்விக்கு 43, மக்கள் நல்வாழ்வுக்கு 19, காவல் துறைக்கு 22. தலைமைச் செயலகத்தில் ‘நாற்பத்து மூன்றாம் மானியம்’ என்றால் எது என்று கேட்க வேண்டியதில்லை. கோரிக்கையோடு அந்தத் துறை ‘கொள்கை விளக்கக் குறிப்பு’ என்ற புத்தகத்தையும் அவையில் வைக்கும். சென்ற ஆண்டு என்ன செய்தோம், எத்தனை பள்ளி, எத்தனை ஆசிரியர், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று பக்கம் பக்கமாக இருக்கும். பட்ஜெட் உரையைவிட எனக்கு இந்தப் புத்தகங்கள்தான் பயன்பட்டிருக்கின்றன. உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பணம் எந்த வழியாக வருகிறது என்று தேட வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அரசு இணையதளத்தில் படிக்கலாம். படிப்பவர்கள்தான் குறைவு.

விவாதம் என்ற பெயரில் உறுப்பினர்கள் தொகுதிப் பிரச்சினைகளைப் பேசுவார்கள், பாலம் கேட்பார்கள், பழைய ஆட்சியைத் திட்டுவார்கள். அமைச்சர் பதிலுரையில் புதிய அறிவிப்புகளை அடுக்குவார். கடைசியில் பேரவைத் தலைவர் கோரிக்கையை வாக்குக்கு விடுவார். “ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க.” ஆம் என்ற குரல் ஓங்கி ஒலிக்கும். பல ஆயிரம் கோடி ரூபாய் சில நொடிகளில் வழங்கப்பட்டுவிடும். யாராவது எண்ணிப் பார்க்கச் சொன்னால்தான் கணக்கெடுப்பு.

எல்லாச் செலவுக்கும் வாக்கெடுப்பு நடப்பதில்லை. குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், தலைமைக் கணக்குத் தணிக்கையரின் சம்பளம், நீதிமன்றத் தீர்ப்பின்படி அரசு கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றை அவை விவாதிக்கலாம், ஆனால் வாக்குக்கு விட முடியாது. நீதிபதி பாதகமாகத் தீர்ப்புச் சொன்னார் என்று சம்பளத்தைப் பிடித்துவைக்கும் ஆசை யாருக்கும் வந்துவிடக் கூடாது அல்லவா. இதே பட்டியலில் கடனுக்கான வட்டியும் இருக்கிறது. அதுதான் பெரிய தொகை. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டின் மொத்த மதிப்பீடு 50.65 லட்சம் கோடி. அதில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. நான்கு ரூபாயில் ஒரு ரூபாய் அவையின் வாக்குக்கே வருவதில்லை. வாங்கிய கடனை வாக்குப் போட்டு மறுத்தால் அடுத்த முறை யார் கடன் கொடுப்பார்கள் என்பது இதற்கான பதில்.

ஒரு ரூபாய் வெட்டு

கோரிக்கையைக் குறைக்க அவைக்கு உரிமை உண்டு. கூட்ட உரிமை இல்லை. குறைக்கச் சொல்லி எதிர்க்கட்சி உறுப்பினர் கொடுப்பதற்கு வெட்டுத் தீர்மானம் என்று பெயர். இதில் மூன்று வகை. துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்றால் ‘இந்தக் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும்’ என்பார்கள். வீண் செலவு என்று தோன்றினால் குறிப்பிட்ட தொகையை வெட்டச் சொல்வார்கள். எங்கள் ஊர் மருத்துவமனையில் மருத்துவர் இல்லை என்பது போன்ற குறையைப் பதிவு செய்ய மட்டும் விரும்பினால், கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லலாம்.

நூறு ரூபாய்தானே என்று ஆளுங்கட்சி விட்டுக்கொடுத்துவிட முடியாது. ஒரே ஒரு வெட்டு நிறைவேறினாலும் அரசு கேட்ட பணத்தை அவை மறுத்துவிட்டது, அதாவது அரசின் மீது நம்பிக்கை இல்லை என்று பொருள். ஆகவே இவை எப்போதும் தோற்கடிக்கப்படும், அல்லது திரும்பப் பெறப்படும்.

2010 ஏப்ரல் 27 அன்று மக்களவையில் இது கொஞ்சம் சூடாகவே நடந்தது. எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த வெட்டுத் தீர்மானங்களை மன்மோகன் சிங் அரசு 289-க்கு 201 என்ற கணக்கில் தோற்கடித்தது. அன்று ஜார்க்கண்ட் முதல்வராக இருந்த சிபு சோரன் மக்களவை உறுப்பினராகவும் இருந்தார். ராஞ்சியில் பாரதிய ஜனதாவின் ஆதரவோடு ஆட்சி நடத்திக்கொண்டிருந்தவர், டெல்லியில் அந்தக் கட்சிக்கு எதிராக, காங்கிரஸ் அரசுக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டார். அடுத்த நாளே பாரதிய ஜனதா ஆதரவை விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. டெல்லியில் அழுத்திய ஒரு பொத்தான் ராஞ்சியில் நாற்காலியை ஆட்டிவிட்டது.

நூற்றுக்கு மேற்பட்ட கோரிக்கைகளையும் மக்களவையால் விவாதிக்க முடியாது. நான்கைந்து அமைச்சகங்களை எடுத்துக்கொண்டு பேசுவார்கள். குறித்த நாளில் குறித்த மணி அடித்ததும், மீதமுள்ள அத்தனை கோரிக்கைகளையும் மொத்தமாகக் கட்டி வாக்குக்கு விட்டுவிடுவார்கள். இதற்கு நாடாளுமன்றத்தில் வழங்கும் பெயர் ‘கில்லட்டின்’, பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய அதே கருவி. வெட்டப்படுவது விவாதம்.

சில ஆண்டுகளில் அந்த நான்கைந்தும் நடப்பதில்லை. 2018 மார்ச் 14 அன்று கூச்சலுக்கு நடுவே எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் நிறைவேறின. 2023 மார்ச் 23 அன்றும் அப்படித்தான். ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்க்கு, ஒரு குடும்பம் மளிகைச் சீட்டு எழுத எடுத்துக்கொள்ளும் நேரம்கூட ஆகவில்லை. அமளி செய்தவர்களுக்கும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு முடித்தவர்களுக்கும் இதில் சம பங்கு உண்டு என்பது என் கருத்து.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1993 முதல் நாடாளுமன்றத்தில் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன. இப்போது 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் இரு அவைகளையும் சேர்ந்த 31 பேர். பட்ஜெட் தாக்கலானதும் அவை சில வாரங்கள் ஓய்வெடுக்கும்போது இந்தக் குழுக்கள் கோரிக்கைகளைப் பிரித்துப் படித்து, செயலாளர்களை அழைத்துக் கேள்வி கேட்டு, அறிக்கை தருகின்றன. கேமரா இல்லாத அந்த அறைகளில்தான் உருப்படியான கேள்விகள் வருகின்றன. அந்தப் பரிந்துரைகளை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.

சில பக்கச் சட்டம்

கோரிக்கைகள் நிறைவேறினால் அவை ‘சரி, தருகிறோம்’ என்று ஒப்புக்கொண்டதாகப் பொருள். பெட்டி இன்னும் திறக்கவில்லை. திறப்பதற்குச் சட்டம் வேண்டும் என்றோமே, அந்தச் சட்டத்துக்கான மசோதா இப்போதுதான் வருகிறது. தமிழ்நாட்டில் இதை நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு என்பார்கள். ஒன்றிய அரசுக்கு நிதி ஒதுக்கீட்டு மசோதா. அரசியலமைப்பில் 114-ஆவது பிரிவு, மாநிலத்துக்கு 204.

இந்த மசோதாவை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். இவ்வளவு பெரிய பணத்துக்கு இவ்வளவு சின்னச் சட்டமா என்று தோன்றும். முதல் பிரிவு சட்டத்தின் பெயர். இரண்டாவது, இன்ன நிதியாண்டில் தொகுப்பு நிதியிலிருந்து இத்தனை ரூபாய்க்கு மிகாமல் எடுக்கலாம் என்கிறது. மூன்றாவது, அப்படி எடுப்பதை அட்டவணையில் சொன்ன நோக்கங்களுக்கே பயன்படுத்த வேண்டும் என்கிறது. மீதியெல்லாம் அட்டவணைதான். இடப்பக்கம் கோரிக்கை எண், அடுத்து பணியின் பெயர், வலப்பக்கம் மூன்று பத்திகளில் தொகை: அவை வாக்களித்தது, வாக்கில்லாமல் நிதியின் மேல் ஏற்றப்பட்டது, இரண்டும் சேர்த்து மொத்தம். உரையில் இருந்த திருக்குறளும் கைதட்டலும் இங்கே இல்லை. வெறும் எண்கள்.

அந்த மொத்தத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். 2018-19 பட்ஜெட்டின் அளவு 24.42 லட்சம் கோடி. ஆனால் அந்த ஆண்டு எடுக்க அனுமதித்த தொகை 89 லட்சம் கோடிக்கும் மேல். எங்கேயும் ஊழல் இல்லை. அரசு 91 நாள் போன்ற குறுகிய காலக் கடன்களை வாங்கித் திருப்பிக் கட்டி மறுபடி வாங்கிக்கொண்டே இருக்கும். திருப்பிக் கட்டும் ஒவ்வொரு முறையும் பெட்டியிலிருந்து பணம் வெளியே போவதால், அத்தனைக்கும் அனுமதி வேண்டும். பட்ஜெட்டின் அளவைச் சொல்லும்போது இந்தச் சுழற்சியைக் கழித்துவிடுகிறார்கள்.

இந்த மசோதாவில் திருத்தம் கொண்டுவர முடியாது. தொகையையோ அது போகும் இடத்தையோ மாற்றும் எந்தத் திருத்தமும் செல்லாது. வெட்ட வேண்டியதைக் கோரிக்கைக் கட்டத்திலேயே வெட்டியிருக்க வேண்டும். கல்யாணம் முடிந்து பந்தியில் உட்கார்ந்த பிறகு சீர்வரிசை பேச முடியாது என்பது போல.

மக்களவை நிறைவேற்றியதும் சபாநாயகர் இது பண மசோதா என்று சான்றளிப்பார். பிறகு மாநிலங்களவைக்குப் போகும். அங்கே பேசலாம், பரிந்துரை சொல்லலாம், தடுக்க முடியாது. 14 நாட்களில் திருப்பி அனுப்பாவிட்டால் நிறைவேறியதாகவே கொள்ளப்படும். நேரடியாக மக்கள் தேர்ந்தெடுத்த அவையிடம்தான் சாவி இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1986 நவம்பரில் மேலவை கலைக்கப்பட்டுவிட்டதால் இந்தப் படியே இல்லை. பேரவையிலிருந்து நேரே ஆளுநரிடம். கடைசியாகக் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநரின் ஒப்புதல். மற்ற மசோதாக்களைப் போல மறுபரிசீலனைக்கென்று இதைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு வழி இல்லை, ஏனென்றால் பணம் கேட்கும் மசோதா அவைக்குள் வருவதற்கே அவர்களின் பரிந்துரை முன்னதாகத் தேவை. வரி விதிக்கும் பக்கத்துக்கு நிதி மசோதா என்று தனியாக ஒன்று உண்டு. பெயர் ஒத்திருப்பதால் பத்திரிகைகளே சில நேரம் இரண்டையும் குழப்பிவிடுகின்றன. நிதி மசோதா பணம் உள்ளே வர. ஒதுக்கீட்டு மசோதா வெளியே போக.

மார்ச் 31 நள்ளிரவு

இந்த அனுமதிக்கு ஆயுள் ஓராண்டுதான். மார்ச் 31 நள்ளிரவில் செலவழிக்காத ஒதுக்கீடெல்லாம் காலாவதியாகிவிடும். அதனால்தான் மார்ச்சில் அலுவலகங்களில் அவ்வளவு ஓட்டம். கடைசி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்குக்கு மாறானது என்று ஒன்றிய அரசின் பொது நிதி விதிகளே சொல்கின்றன. சொல்லி என்ன. பீரோவும் நாற்காலியும் மார்ச்சில்தான் வந்து இறங்கும்.

ஏப்ரல் 1 அன்று புதிய சட்டம் கையில் இல்லையென்றால்? சம்பளம் போட முடியாது, சத்துணவுக்குப் பருப்பு வாங்க முடியாது. 2017-க்கு முன்பு ஒன்றிய பட்ஜெட் பிப்ரவரி கடைசியில் வந்துகொண்டிருந்தது. முழு ஒதுக்கீடு நிறைவேற மே மாதம் ஆகிவிடும். ஆகவே ஆண்டுதோறும் இடைப்பட்ட மாதங்களுக்கு மட்டும் ஒரு தொகையை முன்கூட்டியே கேட்டு வாங்குவார்கள். தமிழில் முன்பண மானியக் கோரிக்கை. தேதியைப் பிப்ரவரி 1-க்கு மாற்றியதன் முக்கியக் காரணமே மார்ச் 31-க்குள் எல்லாவற்றையும் முடிப்பதுதான். இப்போது தேர்தல் ஆண்டுகளில் மட்டும் முன்பணம் தேவைப்படுகிறது. 2024 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட், தேர்தல் முடிந்து ஜூலை 23 அன்று முழு பட்ஜெட் வந்தது அப்படித்தான். மாநிலங்களில் மானிய விவாதம் ஏப்ரல் முழுவதும் நீளும்போதும் இதே வழிதான் கைகொடுக்கும். முன்பணத்தில் நடந்துகொண்டிருக்கும் வேலைகளைத் தொடரலாம். புதிய திட்டத்தைத் தொடங்குவது வழக்கமில்லை.

இதெல்லாம் வெறும் சடங்கு என்று தோன்றினால் உத்தரகாண்டில் 2016-இல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 18 அன்று அந்தப் பேரவையில் நிதி ஒதுக்கீட்டு மசோதா வாக்குக்கு வந்தது. ஆளும் காங்கிரஸின் ஒன்பது உறுப்பினர்கள் எதிர்க்கட்சியான பாரதிய ஜனதாவோடு சேர்ந்துகொண்டு, குரல் வாக்கெடுப்பு வேண்டாம், எண்ணிப் பாருங்கள் என்றார்கள். பேரவைத் தலைவர் எண்ணவில்லை. மசோதா நிறைவேறியது என்று அறிவித்துவிட்டார். அது நிறைவேறவே இல்லை, ஆகவே இந்த அரசு விழுந்துவிட்டது என்பது மறுதரப்பின் வாதம். மார்ச் 27 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆனால் ஐந்து நாட்களில் ஏப்ரல் பிறக்கப்போகிறது, பேரவை முடக்கப்பட்டிருக்கிறது, பெட்டியைத் திறக்கச் சட்டம் இல்லை. அவசரச் சட்டம் போடலாம். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடப்பில் இருக்கும்போது போட முடியாது. ஆகவே நாடாளுமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடரையே முடித்துவைத்துவிட்டு, உத்தரகாண்டுக்கு முன்பண ஒதுக்கீட்டு அவசரச் சட்டம் பிறப்பித்தார்கள். ஒரு மலை மாநிலத்தின் ஏப்ரல் மாதச் செலவுக்காக டெல்லியில் ஒரு கூட்டத்தொடரே முடிந்தது. பிறகு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், மே 10 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஹரிஷ் ராவத் 33-க்கு 28 என்று வென்று மீண்டும் முதல்வரானார். கட்சி மாறிய ஒன்பது பேரும் அதற்குள் தகுதி நீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் இப்படிப் பணம் மறுக்கப்பட்டால் அரசு விழுவதில்லை, அலுவலகங்கள் மூடிக்கொள்கின்றன. 2018 டிசம்பர் 22 தொடங்கி 35 நாட்கள் அங்கே பல துறைகள் பூட்டிக் கிடந்தன. ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. அதிபர் அதே நாற்காலியில் இருந்தார். நம் முறையில் அலுவலகம் திறந்திருக்கும், அமைச்சரவை போய்விடும். எந்த அரசும் தன் ஒதுக்கீட்டு மசோதாவைத் தோற்கவிடாது என்பதும், அதனாலேயே அதன் மேல் உண்மையான விவாதம் நடப்பதில்லை என்பதும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள்.

ஆண்டு நடுவில்

ஒதுக்கியது போதாமல் போனால் மறுபடி அவைக்குப் போக வேண்டும். அதற்குத் துணை மானியக் கோரிக்கை. நடைமுறை முழுவதும் அதேதான், சின்ன அளவில். புயல், வெள்ளம் என்று அவை கூடும் வரை காத்திருக்க முடியாத செலவுக்குத்தான் நான் முதலில் சொன்ன மூன்றாவது பெட்டி: எதிர்பாராச் செலவு நிதி. ஒன்றிய அரசிடம் இது 500 கோடியாக இருந்தது. 2021-இல் 30,000 கோடியாக உயர்த்தினார்கள். இதிலிருந்து எடுத்ததைப் பிறகு அவையின் அனுமதி பெற்று நிரப்பிவிட வேண்டும்.

கேட்காமலே கூடுதலாகச் செலவழித்துவிட்டால்? அதுவும் நடக்கிறது. ஆண்டு முடிந்து தலைமைக் கணக்குத் தணிக்கையர் கணக்கைச் சரிபார்க்கும்போது அது வெளிப்படும். எந்தக் கோரிக்கையில் அவை கொடுத்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று அவருடைய அலுவலகம் வரிக்கு வரி ஒப்பிடும். அந்த அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு எடுத்துக்கொண்டு அதிகாரிகளை விசாரிக்கும். மக்களவையில் 1967 முதல் அந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைவராக இருப்பது மரபு. குழு பரிந்துரைத்த பிறகு, மிகைச் செலவுக்கு ஒப்புதல் கேட்டு அரசு அவைக்கு வரும். சில நேரம் இதற்குள் அந்தச் செலவைச் செய்த அமைச்சரும் இருக்கமாட்டார், அரசும் இருக்காது.

என் விசிறிக்கு வருகிறேன். அந்தக் கணக்கர் சொன்னது முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். சட்டமன்றம் வாக்களிப்பது கோரிக்கை எண்ணின் மொத்தத் தொகைக்கு. அதற்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு நிதியை மாற்றிக்கொள்ள வழி உண்டு. மறு ஒதுக்கீடு என்று பெயர். 43-ஆம் கோரிக்கையின் பணத்தை 22-க்குக் கொண்டுபோகத்தான் அவை வேண்டும். பள்ளிக்கல்விக்குள்ளேயே ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்கு என்றால் உரிய அதிகாரியின் ஆணை போதும். ஆனால் அந்த ஆணை சார்கருவூல மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இளநிலை உதவியாளரிடம் இருக்காது. மார்ச் 28 அன்று எழுதிக் கேட்டால் மார்ச் 31-க்குள் வரவும் வராது.

ஏப்ரலில் புதிய ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன். இந்த முறை டோக்கன் கொடுத்த அரை மணி நேரத்தில் பாஸாகிவிட்டது. அதே கணக்கர்தான். “இப்போது கொடுத்துவிட்டார்கள், தம்பி” என்றார்.